சீலைக்குப் பின்னால் இருந்து பார்த்த கொலை

ஒரு படத்தைப் பற்றி மன்னார்த் தீவில் அபிப்பிராயம் சொல்லாத ஆள் என்று நான் அறிந்தவரை ஒருவன்தான் உண்டு. அவன் அந்தப் படத்தில் கொலை செய்தவன். மற்ற எல்லோரும் சொன்னார்கள். பார்த்தவர்கள் சொன்னார்கள், பார்க்காதவர்கள் இன்னும் விளக்கமாகச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரன் காலம் அது. கொழும்பில் படம் வாய் திறந்து பேசத் தொடங்கிவிட்டது என்று ரயிலில் வருகிறவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். எங்கள் பக்கம் வந்ததெல்லாம் ஊமைப்படம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு வரும் கப்பலில் ஒரு கூடாரக்காரர் மெஷினோடும் தகரப் பெட்டியோடும் வந்து இறங்கி, மன்னார்ப் பட்டினத்துக்கும் தாழ்வுபாட்டுக்கும் நடுவில் உள்ள வெளியில் கூடாரம் அடித்தார். படம் ஊமை என்றால் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒரு வாய் வேண்டும். பட்டினத்தில் யாருக்கு வாய் அதிகம் என்று அவர் விசாரித்திருக்கிறார். கேட்ட இடமெல்லாம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் புகழ்ச்சி என்றுதான் நான் இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்போது ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நூல்கட்டையில் ஒட்டியிருக்கும் துண்டையும் பிஸ்கோத்துப் பெட்டியின் மூடியையும் வாசித்து வாசித்து இங்கிலீசு பிடித்தவன். படத்தில் இடைக்கிடை இங்கிலீசு எழுத்து வரும். பாதியை வாசிப்பேன். மீதியைச் சனத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அந்தப் படம் பெரிய கொம்பனி எடுத்த படமல்ல. சில சிநேகிதர்கள் கைக்காசைப் போட்டு, தெரிந்தவர் வீட்டிலும் தெருவிலும் வைத்து எடுத்தார்களாம். ராசா இல்லை, தேவர்கள் இல்லை, பறக்கும் தேர் இல்லை. ஒரு துறைமுகப் பட்டினம். கூட்டாகக் களவெடுத்த ஆட்கள். அவர்களில் ஒருவன் மற்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் குத்துகிறான். குத்தும் நேரமெல்லாம் அவன் முகத்தைக் காட்டமாட்டார்கள். கத்தி பிடித்த கையை மட்டும் காட்டுவார்கள். ஒரு கை, சீலை முழுவதும். வள்ளம் அளவு கை. கடைசிவரை அவன் பிடிபடுவதும் இல்லை.

சீலை என்று நான் சொல்வது வள்ளத்தில் கட்டும் பாயை. அதைப் பிரித்துத் தைத்து, நடுவில் தொங்கவிட்டு, வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுவார்கள். நனைந்தால் படம் துலக்கமாக விழும். காற்று வீசினால் கொலைகாரனுக்கு வயிறு ஊதும். கூடாரக்காரர் சனத்தை ஒரே பக்கமாக இருத்தத்தான் நினைத்தார். ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. மாதா கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருக்கிற சனம் கூடாரத்தில் மட்டும் கலந்து இருக்குமா? தீவின் முஸ்லிம் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு வேதமும் ஒரு சொல்லில் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். முடிவில் ஆண்கள் சீலைக்கு முன்னால், பெண்கள் சீலைக்குப் பின்னால் என்று தீர்ந்தது. நனைந்த பாய் தானே, வெளிச்சம் ஊடுருவிப் போகும். பின்னால் இருந்தும் படம் நன்றாகத் தெரியும்.

இனி மாப்பிள்ளையைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் எனக்கு மச்சான் முறை. தாழ்வுபாட்டில், வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியாரின் கடற்கரை வாடியில் கருவாட்டுக்கு மீன் கீறுகிறவன். பிறவியிலேயே இடக்கையன். இடக்கையில் கத்தியைப் பிடித்தால் ஒரு அறக்குளா மீன் இரண்டு பாளமாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியாது. அதே ஊரில் ஒரு பெண்ணைப் பேசி, பங்குச் சுவாமியிடம் எழுதிக் கொடுத்து, கோவிலில் முதலாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று. மூன்றாம் ஓலைக்கும் ஒருவரும் எழும்பாவிட்டால் கலியாணம் உறுதி.

முதலாம் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில்தான் படம் வந்தது. இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு சுவாமி பிரசங்கத்தில் இடிமுழக்கம் செய்தார். அவர் கடல் கடந்து வந்தவர். புத்தகத் தமிழ்தான் பேசுவார்.

"கொலையை வேடிக்கை பார்க்கச் செல்லும் கண்கள் தேவனைத் தரிசிக்கத் தகுதியற்றவை. அந்தக் கூடாரத்தின் வாசலை மிதியாதேயுங்கள். நான் அதைப் பார்க்கவுமில்லை, பார்க்கப் போவதுமில்லை."

அதுவரை கூடாரம் பாதி காலியாகக் கிடந்தது. சுவாமி பேசிய மறுநாள் தாழ்வுபாடு முழுக்க வந்தது. வங்காலையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரர்கூட வந்தார்கள். கூடாரக்காரர் என் காதுக்குள் கேட்டார்: "அண்ணே, உங்க சாமியாரு அடுத்த வாரமும் பேசுவாரா?"

அந்தக் கிழமை முழுதும் மன்னாரில் வேறு பேச்சே இல்லை. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் காதில் விழும். வயற்காரர் ஒருவர் சொன்னார்: "உந்தப் படத்திலை உள்ள ஊரிலை வயல் இல்லைப் போலை. வேலை கிடந்தால் ஆர் உப்பிடிக் கத்தியோடை திரிவான்?" பொலிசுக்காரர் ஒருவருக்குக் கொலைகளில் குறை இல்லை. "பொலிசுக்காரன் தொப்பியைக் கழட்டி வைச்சிட்டு ஓடுறான். நான் உப்பிடி ஓடினால் எங்கடை பெரியவர் என்னைச் சும்மா விடுவாரோ?" என்றுதான் கொதித்தார். கடற்றொழிலாளி ஒருவர் சிரித்தார்: "கத்தி பிடிக்கிற பிடியைப் பார்த்தியளோ? உவன் சூடை மீன்கூட வெட்டமாட்டான்." வங்காலையிலிருந்து வந்த ஒரு தாய் கொலைகாரனுக்காக அழுதாள்: "பெத்தவள் உயிரோடை இருந்தால் பிள்ளையை உப்பிடி விட்டிருப்பாளோ?"

அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மட்டும் காலுக்கு மேல் கால் போட்டு, "இது உயர்ந்த ரகம். எல்லாருக்கும் விளங்காது" என்றார்.

"உங்களுக்கு என்ன விளங்கினது, ஐயா?" என்று கேட்டேன்.

"அதைச் சொன்னால் பிறகு அது உயர்ந்த ரகம் இல்லை."

கடைக்காரரான முஸ்லிம் நானா கோப்பையைக் கழுவிக்கொண்டே தன் தீர்ப்பைச் சொன்னார்: "முழுப் படத்திலையும் ஒருத்தனாவது தேத்தண்ணி குடிச்சவனோ? அதுதான் இவ்வளவு கொலை."

எல்லோருக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. படத்தில் நல்லவன் யார் என்று தெரியவில்லை. தினமும் படம் முடிய என்னைப் பிடித்து, "தம்பி, உண்மையைச் சொல்லு, ஆர் நல்லவன்?" என்று கேட்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு போகிற ஒருவனைக் காட்டி இவன்தான் என்று சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

இந்த அபிப்பிராயங்களால் ஒருவருக்கும் சேதம் இல்லை. சேதம் வந்தது ஒரு சொல்லால்: இடக்கை.

பெண்ணின் தாயும் பெண்ணும் சீலைக்குப் பின்னால் இருந்து படத்தைப் பார்த்தார்கள். மறுநாள் காலை தாய் வாடிப் பக்கமாகப் போயிருக்கிறாள். அங்கே மருமகனாக வரப்போகிறவன் குந்தியிருந்து மீன் கீறுகிறான். இடக்கையில் கத்தி. முழங்கைவரை ரத்தம். மாமியைக் கண்டதும் மரியாதைக்கு எழும்பி, கத்தியோடே கையைத் தூக்கி, "வாங்கோ மாமி" என்றிருக்கிறான். மாமி வரவில்லை. வந்த வழியே திரும்பி ஓடிப்போய் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்று மத்தியானம் தகவல் வந்தது: மூன்றாம் ஓலை வாசிக்கத் தேவையில்லை.

மச்சான் கத்தியைக் கழுவாமல்கூடத் தையல் கடைக்கு ஓடி வந்தான். "என்ன மச்சான் படம் காட்டினனீங்கள்? மாமி சொல்லுறா, இடக்கையாலை கத்தி பிடிக்கிறவன் கொலைகாரனாம். ஊர்ப் பெண்டுகள் எல்லாம் ஓமாம்!"

"விசரோ உனக்கு? படத்திலை அவன் சோத்துக்கையாலை தான் குத்தினவன். நான் பக்கத்திலை நிண்டு பார்க்கிறன்."

"அப்ப மாமி பொய் சொல்லுறாவோ?"

அப்போதுதான் கவனித்தோம், ஊரே இதில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் புருசன் சோத்துக்கை, அதுதான் வலக்கை, என்கிறான், பெண்சாதி இடக்கை என்கிறாள். பெண்ணின் தகப்பனே தன் மனைவியோடு சண்டை. "எடியே, அது வலக்கை. நான் முன்னுக்கு இருந்து பார்த்தனான்." அவளும் விட்டாளில்லை. "நீங்கள் நித்திரை. நான் உங்கடை குறட்டையைச் சீலைக்கு அங்காலை இருந்து கேட்டனான்."

பெண் என்ன சொல்கிறாள் என்று மச்சானின் தமக்கையை அனுப்பிக் கேட்டோம். தமக்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "அவள் சொல்லுறாள், அம்மா கொலைகாரன்ரை கையைப் பார்த்தவ, நான் முகத்தைப் பார்த்தனான் எண்டு. இவர் அந்தளவுக்கு வடிவில்லையாம், எண்டாலும் பரவாயில்லையாம்."

பரவாயில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கூடாரக்காரரிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏண்ணே, கண்ணாடி முன்னால நின்னு தலை சீவுனா வகிடு எந்தப் பக்கம் தெரியுது? பின்னால இருக்கவுகளுக்கு எல்லாம் மாறித்தான் தெரியும். எங்க ஊர்ல யாரும் பொம்பளைகளப் பின்னால உக்கார வைக்கல. நீங்கதானே வச்சீக!"

மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானே? பாயைக் கழட்டித் திருப்பிக் கட்டுவம்!"

திருப்பிக் கட்டினோம், சொல்ல வெட்கம்தான். நானும் மச்சானும் கூடாரக்காரரின் ஆட்களும் வியர்க்க வியர்க்கக் கயிற்றை அவிழ்த்து, பாயின் பின்பக்கத்தை முன்பக்கமாக்கி, மறுபடி தண்ணீர் ஊற்றினோம். கூடாரக்காரர் சுருட்டுப் புகைத்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். செக்கல் பொழுது இருட்டிய பிறகு படம் ஓடியபோது பின்னால் போய்ப் பார்த்த தமக்கை, "அதே கைதான்" என்றாள்.

மாமியிடம் நேரே போய் விளக்கம் சொன்னோம். கண்ணாடி, வகிடு, எல்லாம் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப என்ரை ரெண்டு கண்ணும் பொய்யோ?" என்றாள்.

"பொய்யில்லை மாமி. ஒருக்கால் முன்பக்கம் வந்திருந்து பாருங்கோ."

"ஆம்பிளையளுக்கு நடுவிலையோ? சுவாமி போகக் கூடாது எண்டு சொன்ன இடத்துக்கு ஒழுங்கு மரியாதையோடை போய் வாறனாங்கள். நீ என்னைக் கெடுக்கப் பார்க்கிறாய்."

இதற்கு மேல் வழி என்ன? மாமி முன்னுக்கு வரமாட்டாள் என்றால் கையைத்தான் பின்னால் அனுப்ப வேண்டும். நாளைக்குக் கடைசிக் காட்சி. ஞாயிறு மூன்றாம் ஓலை. மச்சான் கூடாரக்காரரின் காலில் விழாத குறை. அவர் சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "படச் சுருளைப் பக்கம் மாத்திச் சுத்தி ஓட்டலாம்ணே. முன்னால உள்ளது பின்னால போயிரும். ஆனா ஒண்ணு, எழுத்தெல்லாம் முன்னால கண்ணாடியில தெரியுற மாதிரி மாறியிருக்கும். நீங்க வாசிக்க மாட்டீகளே?"

"வாசிக்கிறதை நான் எப்பவோ விட்டிட்டன்" என்றேன்.

கடைசி நாள் மச்சானின் தமக்கை மாமியைக் கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்து வந்து சீலைக்குப் பின்னால் இருத்தினாள். படம் தொடங்கியது. முன்பக்கம் எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடின. கிளாக்கர் மட்டும் முணுமுணுத்தார். மற்றவர்களுக்கு அது எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான். நேரான எழுத்து முதல் தடவையாகப் பெண்கள் பக்கம் போனது. அங்கே வாசிக்க ஒருவரும் இல்லை. நான் என் பாட்டுக்குக் கதை சொன்னேன். அந்தக் கை வந்தது, சீலை முழுவதும். சீலைக்கு அங்காலிருந்து மாமியின் குரல் பளிச்சென்று கேட்டது:

"எட, சோத்துக்கை! பாவம் என்ரை மருமோன்!"

மச்சான் இருட்டுக்குள் என் முதுகில் ஓங்கி அறைந்தான், சந்தோசத்தில். அந்தச் சந்தோசம் அடுத்த கொலைவரைதான் நின்றது. ஏனென்றால் முன்பக்கம், முதல் வரிசையில், பெண்ணின் தகப்பன் இருந்தார். மனைவியிடம் நித்திரை என்று பேச்சு வாங்கிய மனுசன் அன்று கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழும்பினார். திரும்பி மச்சானைப் பார்த்தார். அவன் இடக்கையைத் தான் முதலில் பார்த்தார்.

"மனுசி சொன்னது சரி. அது இடக்கைதான். நான்தான் அண்டைக்கு நித்திரையாப் போனன்."

அந்த இரவும் மறுநாளும் அந்த வீட்டில் நடந்ததை ஊரே வேலிக்கு வெளியே நின்று கேட்டது. முன்பு இடக்கை என்றவள் வலக்கை என்கிறாள். முன்பு வலக்கை என்றவர் இடக்கை என்கிறார். "நீங்கள் தானே வலக்கை எண்டு என்னோடை சண்டை பிடிச்சனீங்கள்?" "நீதானே இடக்கை எண்டு கலியாணத்தை நிப்பாட்டினனீ?" இரண்டு பேரும் தங்கள் பிழையை ஒத்துக்கொண்டுதான் சண்டை பிடித்தார்கள். அப்படிப்பட்ட சண்டையை விலக்கித் தீர்க்க யாராலும் முடியாது.

நானும் கூடாரக்காரரும் போய்ச் சுருளைத் திருப்பிய கதையைச் சொன்னோம். தகப்பன் கூடாரக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப காசு வாங்கிக்கொண்டு கொலைகாரன்ரை கையையே மாத்துற ஆக்கள் நீங்கள்? உங்கடை பேச்சை நான் நம்பவோ? ஞாயிற்றுக்கிழமை மூண்டாம் ஓலை வாசிக்கேக்கை நான் எழும்பித் தடை சொல்லத்தான் போறன்."

"படத்துக்குப் போனது சுவாமிக்குத் தெரிய வருமே, மாமா?" என்றேன்.

"வரட்டும். அவர் என்னை முழங்காலிலை நிப்பாட்டினாலும் பரவாயில்லை. என்ரை பிள்ளையின்ரை உயிர்."

கூடாரக்காரர் சனிக்கிழமையே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு ரயில் ஏறிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஞாயிறு கோவிலில் இருக்க இடம் இல்லை. பட்டினத்திலிருந்துகூட ஆட்கள். பக்தி என்று சுவாமி நினைத்திருக்கலாம். மச்சான் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு, இடக்கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்தில் பெண் தலையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்தாள். தகப்பன் முன்வரிசைக்கு வந்து, எழும்ப வசதியாக ஓரத்தில் இருந்தார்.

பிரசங்கம் முதலில், ஓலை பிறகு. சுவாமி மறுபடி படத்தையே எடுத்தார். கூடாரம் போய்விட்டது, கோபம் போகவில்லை.

"பிரியமானவர்களே! சிலுவை அடையாளம் இட வேண்டிய தன் வலக்கையால் அந்தப் பாவி கத்தியை ஓங்குகிறான். பின்பு அதே வலக்கையைக் கழுவாமலே, வீதியோரத்தில் உட்கார்ந்து, பாண் ரொட்டியைப் பிய்த்து உண்கிறான். மனச்சாட்சி எங்கே? அவனுடைய மனச்சாட்சி எங்கே?"

அவன் பாண் தின்பது படத்தின் ஆகக் கடைசிக் காட்சி. வாசல் நெரிசலுக்குப் பயந்து பாதிச் சனம் அதற்கு முன்பே எழும்பிப் போய்விடும். அதைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

சுவாமி ஓலையை எடுத்தார். மச்சானின் பெயரையும் பெண்ணின் பெயரையும் வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்றார். எல்லாத் தலைகளும் முன்வரிசை ஓரத்துக்குத் திரும்பின.

தகப்பன் பாதி எழும்பினார். சுவாமி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"ஏதும் சொல்ல வேண்டுமோ?"

"இல்லைச் சுவாமி," என்றார் அவர். "கால் விறைச்சுப் போச்சு."

இருந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார், தகப்பன் தனக்குத் தானே முணுமுணுத்தாராம்: "நான் ரெண்டு தரம் பார்த்தும் பிழை விட்டிட்டன். சுவாமி பார்க்காமலே சரியாச் சொல்லுறார். அதுதான் சுவாமி."

பூசை முடிந்து தேத்தண்ணிக் கடைக்கு வந்தோம். கிளாக்கர் விரலை மடக்கி யோசித்துக்கொண்டிருந்தார். "வலக்கை எண்டால், முந்தின நாட்களிலை முன்பக்கம் நிண்டு பார்த்திருக்க வேணும். அல்லது கடைசி நாளிலை பின்பக்கம்..."

நானா கோப்பையைத் தொப்பென்று அவர் முன்னால் வைத்தார். "கிளாக்கர் ஐயா, ஆறமுதல் குடியுங்கோ."

ஊர் முந்தின நாட்கள் என்றே முடிவு செய்தது. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

கோவில் வாசலில் அதற்குள் மாமி மச்சானைப் பிடித்துவிட்டாள். சால்வைக்குள் கிடந்த இடக்கையைத் தானே வெளியே இழுத்து, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சுற்றி நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னாள்:

"நான் முதலே சொன்னனான், அது சோத்துக்கை எண்டு. இந்த மனுசன்தான் கேக்கேல்லை."